வலது கப்பைத் தப்புப் பக்கம் திருப்பிய நாள்

1. மூன்றடி பைப்

சிதம்பரத்தில் ஒரே சைக்கிள் கடையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்பேனர் பிடித்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் நின்றுகொண்டேன். இப்போது கியர் சைக்கிள் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், "உங்க சர்வீஸ்ல பாத்ததையெல்லாம் எழுதுங்கண்ணா" என்கிறார்கள். நல்லபடியாக முடித்த வேலைகள் எத்தனையோ உண்டு. அதையெல்லாம் எழுதி மார்தட்டிக்கொள்ளப் போவதில்லை. நான் கெடுத்த ஒரு சைக்கிள் பிரேமைப் பற்றி எழுதுகிறேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த வண்டி ஆரோக்கியமேரியுடையது. கடலூர்ப் பெண். புவனகிரியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். விடியற்காலையில் பைபாஸில் குனிந்துகொண்டு பறப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவளை அப்படித்தான் தெரியும். புதுச்சேரியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்ற பழைய ரேஸ் வண்டி அது. மெல்லிய ஸ்டீல் குழாய் பிரேம். ஐந்தடி உயரமுள்ள அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டது. அதில்தான் இரண்டு வருடமாகப் பயிற்சி செய்தாள்.

"அண்ணா, மிதிக்கும்போது கீழ கடக்கு கடக்குன்னு சத்தம் வருது. பேரிங் போயிடுச்சுன்னு நெனக்கிறேன். பத்தொம்பது நாள்ல ஸ்டேட் டீம் செலக்‌ஷன் இருக்குது. அதுல வந்தாதான் ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்கு அப்ளிகேஷன் போட முடியும். எனக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது" என்றாள்.

"அரை நாள் வேலம்மா. விட்டுட்டுப் போ."

போகிறவள் திரும்பி வந்தாள். "இன்னொண்ணு சொல்லணும்ணா. இதுல வலது கப்பு ரிவர்ஸ் இல்லையாம். வித்தவரு சொன்னாரு. ரெண்டு பக்கமும் சாதாரணமாத்தான் கழட்டணுமாம்."

அவள் சொன்னதன் பொருள் புரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெடல் அச்சு ஓடுவதற்காகப் பிரேமின் அடியில் ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். அதை பி.பி. ஷெல் என்போம். அதன் இரண்டு வாயிலும் உள்பக்கம் த்ரெட், அதாவது திருகு மரை, வெட்டியிருக்கும். அதில் பக்கத்துக்கு ஒன்றாக, பேரிங்கைத் தாங்கும் இரண்டு இரும்புக் கப் ஏறும். நம் ஊரில் ஓடுகிற வண்டிகளில் இடது கப் சாதாரண த்ரெட், வலது கப் ரிவர்ஸ் த்ரெட். அதாவது எல்லா நட்டும் இறுகுகிற பக்கம் திருப்பினால்தான் வலது கப் கழன்று வரும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். தெரியாமல் மாற்றித் திருப்புகிற புது ஆளைக் கடையே கேலி செய்யும்.

அதனால் அவள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "யம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து கப்பு கழட்டறவன் நான். எனக்கே கிளாஸ் எடுக்குறியா? சாயந்தரம் வா" என்றேன். டயர் வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

பெடல் பூட்டுகிற கிராங்கைக் கழற்றிவிட்டு இடது கப்பை எடுத்தேன். சுலபமாக வந்தது. வலது கப் பழைய கிரீஸும் புழுதியும் அப்பி, களிமண் பூசியது போல இருந்தது. துடைக்கவில்லை. ஸ்பேனரை மாட்டி ரிவர்ஸ் கணக்கில் திருப்பினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திரும்பவும் திருப்பினேன். அப்போதும் அசையவில்லை.

முதலாளி ராஜாராம் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "பைப்பு மாட்டுங்க கலியமூர்த்திண்ணே. எவ்ளோ நேரம் அதோட மல்லுக்கட்டுவீங்க?"

ஸ்பேனர் பிடியில் மூன்றடி ஜி.ஐ. பைப்பைச் செருகி, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். கப் சுற்ற ஆரம்பித்தது. 'எங்கிட்டயா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நாலு சுற்று சுற்றியும் கப் வெளியே வரவில்லை, இருந்த இடத்திலேயே சுற்றியது. விரலால் பிடித்து இழுத்தேன். அப்படியே கையோடு வந்துவிட்டது. கூடவே மெல்லிய இரும்புச் சுருள், தலைமுடி மாதிரி. ஷெல்லின் த்ரெட் மொத்தமும் உரிந்து என் உள்ளங்கையில் கிடந்தது.

அப்புறம்தான் கப்பைத் துடைத்தேன். முகப்பில் பளிச்சென்று குத்தியிருந்தது: 36 x 24. இத்தாலி த்ரெட். இரண்டு பக்கமும் சாதாரணமாகக் கழலும். புதுச்சேரியில் ஒரு மெக்கானிக் இப்படி ஒரு வகை உண்டு என்று எப்போதோ சொல்லியிருந்தான். நம்மிடம் எங்கே வரப்போகிறது என்று காற்றில் விட்டிருந்தேன். கழற்றுவதாக நினைத்து அத்தனை பலத்தையும் போட்டு இறுக்கியிருக்கிறேன். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் கையில் இந்த வண்டி கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும். அவன் ஒன்றும் தெரியாமல் சாதாரணமாகத் திருப்பியிருப்பான்.

2. உப்புக் காற்று

முதலாளியிடம் காட்டினேன். ஷெல்லுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"பதறாதீங்கண்ணே. துருப்புடிச்சிருந்துதுன்னு சொல்லிக்கலாம். கடலூர்க்காரப் பொண்ணுதான? உப்புக்காத்துல போயிடுச்சுன்னா நம்பிடும். கப்ப வச்சு சுத்தி நாலு டேக் வெல்டு போட்டுக் குடுத்துடுவோம்."

டேக் வெல்டு என்றால் அங்கங்கே பொட்டு வைப்பது போல வெல்டிங் வைப்பது. லோடு சைக்கிளில் கப் லூஸானால் நம் பக்கத்தில் அதுதான் வைத்தியம். நானே நூறு வண்டிக்குச் செய்ய விட்டிருக்கிறேன். தடித்த ஷெல் தாங்கிக்கொள்ளும். இந்த மெல்லிய குழாயில் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும். விழாவிட்டாலும் கப் கோணும், அச்சு இறுகும், அடுத்த பேரிங் மாற்ற வழியே இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

சாயந்தரம் பள்ளி முடிந்து நேராக வந்தாள். முதலாளி முந்திக்கொண்டார்.

"உள்ள பூரா துரும்மா. தொட்டதும் உதிந்துடுச்சு. உப்புக்காத்து இருக்குது பாரு, அது இரும்ப அரிச்சிடும்."

"இந்த வண்டி கடலூருக்கே போனதில்லையே சார். சிதம்பரத்துல எங்க ரூமுக்குள்ளதான் நிக்குது."

"புதுச்சேரில இருந்துச்சுல்ல? அங்க மட்டும் கடல் இல்லையா? வெல்டு வச்சுடலாம். நாளைக்கே ஓட்டலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் அழுக்கே இல்லை. வேஸ்ட் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லுங்கண்ணா. வெல்டு வச்சா செலக்‌ஷனுக்குத் தாங்குமா?"

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. முதலாளி மேல் கோபமா, என் மேல் கோபமா, அவள் இன்னமும் என்னை நம்பிக் கேட்கிறாளே என்ற கோபமா, தெரியாது. மொத்தமாக வந்தது.

"தாங்காதும்மா. துருவும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. நான்தான் ஒடச்சேன். நீ சொன்னதக் கேக்காம தப்புப் பக்கம் திருப்பி, பைப்பு போட்டு ஒடச்சேன்."

முதலாளி முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, உள்ள போங்க" என்றார்.

"போவ மாட்டேன். வெல்டு வக்கிற வேலைய எவன் செஞ்சாலும் அவன் கைய ஒடப்பேன்." கடைக்கு முன்னால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் அந்தக் கடையில் நான் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

மேரி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். உரிந்து கிடந்த சுருளை எடுத்துப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்லண்ணா."

"சொன்ன."

"ஒரு பையன் வந்து சொல்லியிருந்தா ஒருவாட்டி தொடச்சாவது பாத்திருப்பீங்க இல்ல?"

பார்த்திருப்பேன். அதுதான் உண்மை. ரேஸ் ஓட்டுகிற பையன்கள் வந்து எதையாவது சொன்னால், யூட்யூபில் பார்த்திருப்பான் என்று பத்தில் இரண்டையாவது காதில் வாங்குவேன். அவள் சுருளைக் கீழே வைத்தாள்.

"சரியாவுமா ஆவாதா? அத மட்டும் சொல்லுங்க."

"ஆவும். எத்தினி நாளாவும்னு தெரியல."

3. ஓ.டி. லேத்துப் பட்டறை

உரிந்த த்ரெட்டுக்குப் பெரிய சைஸ் த்ரெட் வெட்டுவது வழக்கம். இத்தாலி சைஸே பெரியது. அதற்கு மேல் போனால் ஷெல் காகிதமாகிவிடும். ஒரே வழி, ஷெல்லை உள்பக்கம் கொஞ்சம் போரிங் செய்து, அதாவது கடைந்து அகலமாக்கி, புஷ் என்கிற ஸ்டீல் வளையம் ஒன்றைச் செருகி, பித்தளை ராடை உருக்கிப் பிரேசிங் செய்து ஒட்டி, அந்தப் புஷ்ஷுக்குள் சின்ன சைஸில் நம் ஊர் த்ரெட்டை வெட்டுவது. சொல்வதற்கு ஒரு வரி. சிதம்பரத்தில் கேட்ட மூன்று பட்டறைகளிலும், "சைக்கிள் பிரேமுக்கா? போய்யா" என்றார்கள்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், லூர்துசாமி என்று எனக்கொரு சிநேகிதன். மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் ஷாஃப்ட் கடைகிறவன். மாமா, மச்சான் என்றுதான் பேசிக்கொள்வோம். மறுநாள் காலை பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "இன்னா பெருசு, யாரு கண்ணயாவது குத்தவா ஏத்துற?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். கடைசி சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

லூர்து ஷெல்லுக்குள் பார்த்தான். "யாரு மாமா இத இப்டி நாஸ்தி பண்ணது?"

"நான்தான்."

"முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸு. ஒனக்கு அவார்டே குடுக்கலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்தினான். "எப்போ வேணும்?"

"இப்பவே வேணும் மச்சான். அந்தப் பொண்ணு வண்டியில்லாம ஒக்காந்துருக்குது."

லேத் என்கிற கடைசல் மெஷினில் வழக்கமாக வேலைப்பொருள் சுற்றும், வெட்டுகிற டூல் நிற்கும். பிரேமைச் சுற்ற விட முடியாது. படகுச் சாமானுக்குச் செய்வது போல, பிரேமை அசையாமல் கட்டி, போரிங் பாரைச் சுற்ற விட்டான். நேராகக் கட்டுவதற்கே அரை நாள் போனது. புஷ் கடைந்தான், செருகினான், பிரேசிங் வைத்தான். ஆறியதும் நான் சின்ன சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் கணீரென்றது, இன்னொரு பக்கம் பொத்தென்றது. பாதிப் பக்கத்துக்குப் பித்தளை இறங்கவே இல்லை.

"டைட்டா இருக்கட்டும்னு இடைவெளியே இல்லாமக் கடஞ்சுட்டேன் மாமா. உருகுன பித்தள உள்ள போவ வழி வேணும்ல. என் தப்புதான்."

அவன் அப்படிச் சொன்னது எனக்கு உறைத்தது. செய்த தப்பை அந்த நிமிடமே ஒத்துக்கொண்டான். எனக்கு அதற்கு ஒரு சாயந்தரம் தேவைப்பட்டது.

அந்தப் புஷ்ஷை மறுபடி போரிங் செய்து எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை, லூர்து கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சிலிண்டர்காரன் வீட்டுக் கதவைத் தட்டினான். கிடைக்கவில்லை. மூன்று நாள் வீணானது. நான் மேரிக்குப் போன் செய்து சொன்னேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராக இருந்தேன்.

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்து வாட்ச்மேனின் இரும்புச் சைக்கிளை வாங்கி அவள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதாக, கடைக்கு வந்த அதே பள்ளி வாத்தியார் ஒருவர் பிற்பாடு சொன்னார். ஸ்கூட்டர் ஓட்டத் தயாராகிறவன் மாட்டுவண்டியில் பழகுவது போலத்தான் அது.

இரண்டாவது புஷ்ஷை மயிரிழை இடைவெளி விட்டுக் கடைந்தான் லூர்து. பித்தளை சுற்றிலும் இறங்கி மறுபக்கம் மெல்லிய வளையமாக எட்டிப் பார்த்தது. தட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே சத்தம். புஷ்ஷுக்குள் த்ரெட்டை முன்னாலேயே லேத்தில் வெட்டியிருந்தான். வெட்டும்போது, "மாமா, வலது ரிவர்ஸ்தான? நல்லா யோசிச்சு சொல்லு" என்றான். நாங்கள் போடப்போகிற புதுக் கப் செட்டைத் துடைத்து, குத்தியிருந்த எழுத்தை அவனையே படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படிக்கச் சொன்னேன்.

பிரேசிங் சூட்டில் த்ரெட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. அதைச் சுத்தம் செய்ய டேப் என்கிற த்ரெட் வெட்டும் கருவி வேண்டும், அந்த சைஸ் டேப் எங்களிடம் இல்லை. பழைய கெட்டி இரும்புக் கப் இரண்டை எடுத்து, ஓரத்தில் நாலு வெட்டு கிரைண்டரில் போட்டேன். வெட்டின் விளிம்பு பல் மாதிரி அறுக்கும். எண்ணெய் விட்டு கால் சுற்று முன்னே, அரைக் கால் சுற்று பின்னே என்று உள்ளே இறக்கினேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம். பைப்பைத் தொடவில்லை, கை பலம் மட்டும்தான். இரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருந்த ஷெல் முகத்தைப் பக்கத்துக்கு ஒன்றாக அரத்தால் இழைத்து, மட்டம் பார்த்தேன். புது அச்சைப் போட்டு விரலால் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் சுற்றி, மெதுவாக நின்றது.

கடைசியில் ஷெல்லின் அடியில், அடுத்த மெக்கானிக் படிக்கும்படி எழுத்துப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் குத்தினேன்: R - REV, அதாவது வலது ரிவர்ஸ். இனிமேல் இது நம் ஊர் த்ரெட்.

ஒன்பதாவது நாள் மதியம் வண்டியை முழுசாகப் பூட்டி, புவனகிரிப் பள்ளிக்கே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். ஏறி, மைதானத்தை நாலு சுற்று அழுத்தி மிதித்தாள். இறங்கி வந்தாள்.

"சத்தம் இல்ல" என்றாள்.

"இப்ப வலது பக்கம் ரிவர்ஸ்மா. அடில குத்தியிருக்கேன். எந்தக் கடைக்குப் போனாலும் காட்டு."

"காட்டுறேன். கேப்பாங்களான்னு பாக்கலாம்." அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

4. ஐந்தாவது இடம்

மாநில அணித் தேர்வில் நாலு பேரை எடுத்தார்கள். அவள் ஐந்தாவது. பதினோரு நொடி வித்தியாசம்.

முதலாளிக்கும் செய்தி வந்தது. நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. அன்று அவராக வந்து, "விடுங்கண்ணே. நம்மாலயா தோத்துச்சு அந்தப் பொண்ணு? வேற நாலு பேரு ஜாஸ்தி ஸ்பீடு. அவ்ளோதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றைக்கு உப்புக் காற்று, இன்றைக்கு நாலு பேர். கையில் இருந்த ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அத்தனை நேரமும், அவர் சொல்வது உண்மையாக இருந்துவிடாதா என்று உள்ளே ஒரு ஆசையும் இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

அடுத்த சனிக்கிழமை மேரி கடைக்கு வந்தாள். வண்டியில் ரிப்பேர் எதுவும் இல்லை. கடை நிறைய ஆள் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒம்போது நாள் நான் என் வண்டிய ஓட்டலண்ணா. அது உங்களாலதான். செலக்‌ஷன் அன்னிக்கு வண்டி கொஞ்சங்கூட மக்கர் பண்ணல. அதுவும் உங்களாலதான். ரெண்டயும் உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு வந்தேன்."

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். என்னைவிட முப்பது வயது சின்னவளிடம் அந்த வார்த்தை எளிதாக வரவில்லை. வரவழைத்தேன்.

"மன்னிப்ப வச்சு நான் இன்னாண்ணா பண்றது? ஒடச்சத நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இல்லன்னா வெல்டு வச்ச வண்டில போயி, பாதி ரோட்டுல நின்னு, என் காலுதான் சரியில்லன்னு நெனச்சுட்டு இருந்திருப்பேன். இப்ப என் காலு சரியாத்தான் இருக்குதுன்னு தெரியும்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் அதே பள்ளியில்தான் வேலை செய்கிறாள். அந்த அரசாங்க வேலைக்கு மனுப் போடுகிற வயது அவளுக்கு முடிந்துவிட்டது.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். கப்பைத் துடைத்து, குத்தியிருப்பதைப் படித்துவிட்டு ஸ்பேனரை மாட்டுங்கள். அரை நிமிட வேலை. வராத பொருளிடம் பைப்பைக் காட்டாதீர்கள்; ஏன் வரவில்லை என்று யோசியுங்கள். வண்டிக்காரர் ஏதாவது சொன்னால், அது பெண்ணோ பிள்ளையோ, கடையில் யார் சிரித்தாலும் சரி, நின்று கேளுங்கள். அவர் சொல்வது தப்பாக இருந்தால் உங்களுக்கு நஷ்டம் அரை நிமிடம்.

உடைத்தால் உடைத்தேன் என்று சொல்லிவிடுங்கள். அன்று அதைச் சொன்னதால் என் மனது லேசாகிவிடவில்லை, அவளுக்கு இடமும் கிடைக்கவில்லை. தோற்றதற்குத் தன் காலைக் குறை சொல்லாமல் ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவுதான். பிரேமைச் சரிசெய்துவிட்டேன். அவளுடைய ஒன்பது நாளுக்குப் புஷ் போட எந்தப் பட்டறையிலும் வழியில்லை.